ஏசுதாஸ் தூக்கிக் காட்டிய கை

படூர், நாவலூர் பக்கம் எழும்பிய அடுக்குமாடிகளில் ஏசுதாஸ் பெயிண்ட் அடிக்காத சீலிங் குறைவு. ஆயுசில் பாதியை அண்ணாந்தே கழித்த மனுஷன். வலது தோள் மூட்டு தேய்ந்துபோய், சட்டை மாட்டக்கூட மனைவி ஜெசிந்தா வரவேண்டியிருந்தது. கடைசியில் செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து மூட்டையே மாற்றினார்கள். வலி போய்விடும், ஆனால் கை தோளுக்கு மேலே ஏறுவது சந்தேகம், சீலிங் வேலையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியேதான் ஆனது. ஏசுதாஸ் தானே சோறு பிசைந்து சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார். கை மட்டும் தோளோடு நின்றுகொண்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் அடங்கும்? பழையபடி ஆகிவிட்டேன் என்று அளந்துவிட்டார். "கர்த்தர் குணமாக்குன கையைத் தூக்கிக் காட்டுங்க பிரதர்!" என்றார் பாஸ்டர். மைக் இருந்தது வலது கையில். ஏசுதாஸ் இடது கையை விறைப்பாகத் தூக்கினார். முழுக்கைச் சட்டைக்குள் எந்தத் தோளை அறுத்தார்கள் என்று யார் கண்டது? சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. ஜெசிந்தா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே ஜெபசிங் வீடு தேடி வந்தான். ஏசுதாஸோடு முன்பு ஒரே சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தவன், அதே சபைக்காரன். அவனுக்கும் தோள் போயிருந்தது.

"அண்ணாத்த, திங்கக்கெழம எனக்கும் ஆப்பரேசன். இனிமே சீலிங் அடிக்க முடியாதுன்றாரு டாக்டரு. அவருக்கு இன்னா தெரியும்? உன் கைய நான் கண்ணால பாத்தேனே! கூடுவாஞ்சேரில வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புட்டுகினு கீறாங்க. வாணாம்னு சொல்லத்தான் போய்கினு கீறேன்."

ஏசுதாஸுக்கு அவமானத்தில் காது சுட்டது. வலது கையைத் தூக்கினார். அது தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது.

"இதாண்டா ஆப்பரேசன் பண்ண கை. அன்னிக்கு நான் தூக்குனது நல்ல கை. டாக்டர் சொன்னதுதான் நெசம். அந்த வேலைய உட்றாத."

ஜெபசிங் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஏசுதாஸுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"நோவு?" என்று கேட்டான்.

"சுத்தமா இல்ல. நல்லா தூங்குறேன்."

"நான் தூங்கி எத்தினி மாசமாச்சு தெரியுமா? இத மட்டும் நீ சொல்லியிருந்தாலே, அன்னிக்கு மொதல்ல கை தட்டுனவன் நானா இருந்திருப்பேன் அண்ணாத்த" என்றான்.