எல்லாரையும் பார்த்த பிறகு

அவர் பெயரை நான் கேட்கவில்லை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. ஆஸ்பத்திரிப் பதிவறை ஜன்னலில் ஈரக் கம்பளியோடு நின்றார். உள்ளே மனைவிக்கு மூச்சுத் திணறல். முன்பு எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டொக்டருக்கு உடனே தெரியவேண்டும். கிளினிக் அட்டையைக் கம்பளியில் துடைத்துத் துடைத்து நீட்டினார். கொம்பியூட்டர் தேடிக்கொண்டேயிருந்தது.

அதைத் திருத்தப் போன எனக்குக் காரணம் புரிந்தது. அட்டை இலக்கங்கள் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. தேடல் எண்ணாகக் கேட்டது. அதனால் நேரே இடம்காட்டும் இன்டெக்ஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா செய்யுது?"

"எல்லாரின்ர பதிவையும் ஒண்டொண்டாப் பாக்குது."

"எல்லாரையும் பாத்துட்டுத்தான் எங்களப் பாக்குமாங்க?"

எழுத்தாகவே கேட்கும்படி தேடலை மாற்றினேன். பதிவு உடனே வந்தது. அச்சடித்து நீட்டிய தாளைப் பறித்துக்கொண்டு அவர் வார்ட்டுக்கு ஓடினார்.

ஜன்னலில் கிடந்த அட்டையை வாங்க அவர் திரும்பி வரவேயில்லை.