ஆளுக்கொரு கலோரி

தமிழ்நாடும் கேரளாவும் தொட்டுக்கொள்ளும் பனச்சமூடு சந்திப்பில், கேரளப் பக்கத்து ஓரத்தில் இருக்கிறது சஜனின் ஓட்டல். வெளியே பெயர்ப்பலகை உண்டு. உள்ளே மெனு அட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை. அதற்குப் பதில் தாணுமாலயன் இருந்தார்.

ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, தோளில் ஒரு துவர்த்துத் துண்டு. வந்தவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் அடங்குவதற்குள் தொடங்கிவிடுவார். “புரோட்டா, அப்பம், இடியாப்பம், புட்டு, தோச, மரச்சீனி, பீஃப் ஃப்ரை, பீஃப் கறி, சிக்கன் பெரட்டு, மீன் கறி, முட்டக்கறி, கடலக்கறி…” இருபத்துமூன்று ஐட்டம், ஒரே மூச்சு. தமிழில் சொல்வதா மலையாளத்தில் சொல்வதா என்பதை ஆள் படியேறும்போதே முடிவு செய்துவிடுவார். இருபத்தேழு வருடத்தில் தவறியது ஒரே தடவை. அது வங்காளத்திலிருந்து வந்த கொத்தனார். அவருக்கு இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு, போதாக்குறைக்குப் பானையையும் திறந்து காட்டினார்.

எதை எங்கே வைத்துச் சொல்வது என்பதில்தான் அவருடைய வித்தை இருந்தது. சீக்கிரம் விற்றுப்போக வேண்டியதைக் கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்வது போலச் சொல்வார். கேட்டவர் அதையே கேட்பார். ஆனால் பொய் சொன்னதில்லை. “வடை காலத்த சுட்டதாக்கும், ஆறிப்போச்சு, வேண்டாம்” என்று முதலாளியின் காது கேட்கவே சொல்லியிருக்கிறார். உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்களில் ஏழு மொழிகளில் அச்சடித்த அட்டையை நீட்டுகிறார்கள். எந்த அட்டையும் தன்னைப் பற்றி இப்படி உண்மை பேசியதில்லை.

வீட்டில் அவர் பேசுவதில்லை. மனைவி பிரேமகுமாரி என்ன வைத்தாலும் அதைச் சாப்பிடுவார். “உம் கொட்டவாவது செய்யும், ஓட்டலுக்குப் போய்த்தான் வாயத் தொறக்கணுமா?” என்று அவள் கேட்டால் அதற்கும் பதில் இருக்காது. வாய் அவருக்கு வேலைக்கான கருவி. வீட்டுக்கு வந்தால் கழற்றி வைத்துவிடுவார்.

அந்தக் கருவிக்குத்தான் ஆபத்து வந்தது.

சஜன் கல்யாணமான புதிதில் மனைவி ஜிஷாவைத் திருவனந்தபுரத்தில் ஒரு மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு கடையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் கலோரி எண் போட்டிருந்தது. உணவியல் படித்த ஜிஷா அதைப் படித்துப் படித்து மகிழ்ந்தாள். சஜன் அன்று ஆசைப்பட்டதை விட்டுவிட்டு ஏதோ இலையைத் தின்றுவிட்டு வந்தான். இப்படி எண் போடச் சொல்லும் சட்டம் பெரிய கடைகளுக்குத்தான். பனச்சமூட்டை எட்டிப் பார்க்க அதற்கு நேரமில்லை. சஜன் தானாகவே போய்த் தலையைக் கொடுத்தான்.

ஜிஷா ஒரு வாரம் சமையற்கட்டில் தராசோடு நின்றாள். பிறகு பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள் வந்தன. புரோட்டா ஒன்று முந்நூற்றுப் பத்து, பீஃப் ஃப்ரை நானூற்று இருபது, தோசை நூற்று முப்பது.

“ஒரு மாசம் பாப்போம் தாணு அண்ணா” என்றான் சஜன். “ஆளுக நம்பரப் பாத்துச் சாப்பிட்டாங்கண்ணா அட்டையே மதி, சொல்ல ஆளு வேண்டாம். அண்ணன் பார்சல் பக்கம் போய் சொகமா இருக்கலாம்.”

பார்சல் பக்கம் என்பது வாசல் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு வாழையிலைக் கட்டு, ஒரு டப்பா ரப்பர் பேண்டு. ரப்பர் பேண்டு போடுவதற்கு வாய் தேவையில்லை. தாணுமாலயன் அந்த டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முதல் மூன்று நாள் அட்டையை யாரும் படிக்கவில்லை. விசிறிக்கொண்டார்கள், மீன் முள்ளை ஒதுக்கி வைத்தார்கள், ஒருவர் ஆடும் மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தார். “அண்ணன் நிக்கும்போ அட்டை எதுக்கு?” என்றார்கள். ஜிஷா யோசித்துவிட்டு, “அப்போ அண்ணனே நம்பரையும் சேத்துச் சொல்லட்டு” என்றாள்.

தாணுமாலயன் இருபத்துமூன்று எண்களையும் ஒரே மத்தியானத்தில் மனப்பாடம் செய்தார். மறுநாள் மர வியாபாரி பொன்னுதாஸ் வந்து, இரண்டு பேருக்கான பெஞ்சில் தனியாக நிறைந்து உட்கார்ந்தார்.

“புரோட்டா முந்நூத்திப் பத்து, அப்பம் நூத்தி இருவது…”

“எலே! புரோட்டாவுக்கு முந்நூத்திப் பத்து ரூவாயா? மாவு எங்கேருந்து வருது, துபாயில இருந்தா?”

“ரூவா இல்ல, கலோரியாக்கும்.”

“அதும் நாந்தான் குடுக்கணுமா?”

விளக்கிச் சொன்னதும் ஊர் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டது. கல் குவாரி ஆட்கள், “அதுல எதுல கூடுதல் உண்டோ அதக் கொண்டு வாரும். ஒரே விலைக்குக் கொறஞ்சத ஏன் திங்கணும்?” என்றார்கள். மற்றவர்களுடைய புரிதல்தான் சஜனின் வியாபாரத்தைக் கெடுத்தது. எல்லையில் பிறந்தவனுக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. பெட்ரோல் அந்தப் பக்கம் விலை குறைவு, லாட்டரிச் சீட்டு இந்தப் பக்கம் மட்டும். ஆகவே கலோரியும் இந்தப் பக்கத்து அரசாங்கம் புதிதாகப் போட்ட ஏதோ வரி என்று முடிவாயிற்று. “அந்தப் பக்கம் கலோரி கெடையாது” என்று சொல்லிக்கொண்டு, நாலு எட்டு நடந்து தமிழ்நாட்டில் உட்கார்ந்து அதே புரோட்டாவை நிம்மதியாகத் தின்றார்கள். எதிர்க்கடைக்காரன் மேசைகளை வெளியே இழுத்துப் போட்டான்.

எஞ்சியவர்களில் ஒருவர் லீலாபாய் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் பாறசாலை பஸ் வரும்வரை இங்கேதான் இருப்பார். பல வருடமாக இரண்டு புரோட்டா, ஒரு சிக்கன் பெரட்டு. எண்ணைக் கேட்ட நாள் முதல் ஒற்றைத் தோசைக்கு மாறினார். அந்தத் தோசையை அவர் பிய்க்கும் விதத்தைத் தாணுமாலயன் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் தாங்க முடியவில்லை. குனிந்து, காதருகே சொன்னார்.

“டீச்சரே, அட்டையில உள்ளது சும்மா இருக்குத ஆளுக்க கணக்கு. நாள் முழுக்க நிண்ணு பாடம் எடுக்குத ஆளுக்குப் புரோட்டா நூத்தி இருவதுதான்.”

“உள்ளதா அண்ணா, நெசமாவா?”

“பின்ன! பஸ்ஸுல எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டா? எறங்குத எடத்தப் பொறுத்துல்லியா?”

சொன்ன பிறகு அவருக்கே அது நியாயமாகப் பட்டது. குவாரியில் கல் உடைப்பவனுக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மரத்துக்கு விலை பேசுகிறவனுக்கும் ஒரே எண் எப்படிச் சரியாகும்? பொன்னுதாஸ் அன்று ஆறு புரோட்டாவும் இரண்டு பீஃப் ஃப்ரையும் கேட்டார். அவர் சர்க்கரை மாத்திரை விழுங்குவது ஊருக்கே தெரியும். தாணுமாலயன் குனிந்தார். “உமக்கு உள்ள கணக்கு வேறயாக்கும். ஒரு புரோட்டா எண்ணூறு.”

“எண்ணூறா! ஒண்ணுக்கா?”

“ஒண்ணுக்கு.”

பொன்னுதாஸ் இரண்டோடு நிறுத்தினார்.

அதற்குப் பிறகு கலோரி காதில் சொல்லும் சங்கதி ஆயிற்று. வியாதியைப் போலவே அதுவும் அவரவர் சொந்த விஷயம் என்பதால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தாணுமாலயன் ஆளைப் பார்த்து எண்ணைச் சொன்னார், எண்ணைப் பார்த்து ஆட்கள் சாப்பிட்டார்கள். மெலிந்த பெண்ணுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் நூறு. மூச்சு வாங்கப் படியேறியவருக்குத் தோசையே நானூறு. பக்கத்து மேசையை முறைத்துக்கொண்டே தின்னும் ஒரு ஆசாமிக்குக் காரணமே இல்லாமல் ஆயிரம். அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் மெல்லத் திரும்பி வந்தார்கள். அங்கே யாரும் குனிந்து காதில் ஒன்றும் சொல்வதில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு மாதமாக நோட்டில் குறித்துக்கொண்டிருந்த ஜிஷா கடைசியில் துள்ளிக் குதித்தாள். உடம்பு பெருத்தவர்கள் குறைத்திருக்கிறார்கள், மெலிந்தவர்கள் கூட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு முடிவு எந்த நாட்டிலும் வந்ததில்லை. தான் படித்த கல்லூரியின் பேராசிரியருக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாக அவர் சொன்னார்.

சஜன் தாணுமாலயனின் தோளில் கை போட்டான். “அண்ணா, அட்டை ஜெயிச்சுப்போச்சு! ஒண்ணாந்தேதி முதல் சுவத்துல பெரிய போர்டு. அண்ணன் பார்சல்.”

தாணுமாலயனுக்கு வார்த்தை வரவில்லை. ஓட்டலுக்குள் இப்படி ஆனது இதுவே முதல் தடவை.

தான் சொன்ன பொய்தான் அட்டையை ஜெயிக்க வைத்தது. ஜெயித்த அட்டை தன்னை வாசலுக்குத் தள்ளுகிறது. உண்மையைச் சொன்னால் வாய் பிழைக்கும், ஆனால் இருபத்தேழு வருடம் காலை வடையைக் காலை வடை என்றே சொன்ன வாய் என்ற பேர் போய்விடும். அன்று வீட்டில், யாரும் கேட்காமலேயே பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். பிரேமகுமாரி பயந்துபோய் முதலில் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“உள்ளதச் சொல்லும். இல்லெங்கி ரப்பர் பேண்டு போடும். ரெண்டுக்கும் நடுவுல நிண்ணா நீரு வீட்டுலயும் இப்பிடிப் பொலம்பிட்டே இருப்பீரு, எனக்குத் தாங்காது.”

வெள்ளிக்கிழமை இரண்டு முறை ஜிஷாவின் மேசைவரை போனார். இரண்டு முறையும் மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். கண்ணாடி போட்ட பருத்த மனிதர். மூலை மேசையில் ஜிஷாவோடு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: இன்று அட்டை மட்டும் பேச வேண்டும். “அண்ணன் இண்ணைக்கு வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியளா?” என்று ஜிஷா கெஞ்சினாள்.

கடை நிறைந்தது. தாணுமாலயன் சுவரோரம் நின்றார். வந்தவர்கள் உட்கார்ந்து அவருடைய வாயைப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. யாருக்கும் பசியைத் தொடங்கத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக, விசிறிக்கொண்டிருந்த அட்டையைத் திருப்பிப் படித்தார்கள்.

“முந்நூத்திப் பத்தா?” சிறப்பு வகுப்பு முடிந்து வந்திருந்த லீலாபாய் டீச்சர் நிமிர்ந்தார். “எனக்கு நூத்தி இருவதுல்லா?”

அடுத்த மேசையிலிருந்து பொன்னுதாஸ் திரும்பினார். “ஒங்களுக்கு நூத்தி இருவதா? எனக்கு எண்ணூறுண்ணாரு!”

“எனக்குத் தோச நானூறு!”

“எனக்கு ஆயிரம்” என்றார் முறைக்கும் ஆசாமி. “எதுக்கு ஆயிரம்? நான் என்ன செய்தேன்?”

கடை முழுக்க எண்கள் பறந்தன. எல்லாரும் எல்லாருடைய எண்ணையும் கேட்டார்கள். ஏமாந்தோம் என்ற கோபத்தைவிட, அவனுக்கு ஏன் குறைவு என்ற கோபம் பெரிதாக இருந்தது. பாகப்பிரிவினையில் மூலைத் தென்னை யாருக்கு என்பது போல ஆகிவிட்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, சுவரோரம் நின்றவரைக் காட்டினார். “இயாள் ஆரா?”

“அது…” ஜிஷா விழுங்கினாள். “எங்க மெனுவாக்கும் சார்.”

சஜன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். “அண்ணா! என்ன இது?”

தாணுமாலயன் ஜிஷாவைப் பார்த்தார். பேசலாம் என்று அவள் தலையை அசைத்தாள். இனிப் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான்.

“நான் சொன்ன நம்பர் எல்லாம் கள்ளமாக்கும் மக்கா” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “அட்டையில உள்ளதுதான் உள்ளது. டீச்சர் தோச திண்ணும்போ பரீட்சையில தோத்த பிள்ள மாதிரி இருந்தாங்க. பொன்னுதாஸ் ஆறு புரோட்டா திண்ணும்போ எனக்கு நெஞ்சு அடைச்சு. அதுக்காக்கும் சொன்னேன்.”

“எனக்கு?” என்றார் முறைக்கும் ஆசாமி.

“உம்மள எனக்குப் பிடிக்காது.”

லீலாபாய் டீச்சர் பையை மடியில் வைத்துக்கொண்டார். “நூத்தி இருவதுதானேண்ணு நாலு நாலாத் திண்ணு, ஒரு மாசத்துல ரெண்டு கிலோ கூடியாச்சு. பிளவுஸ் ஒண்ணும் கொள்ளல்ல. நான் தையக்காரியையாக்கும் திட்டினேன்!”

பொன்னுதாஸ் மெதுவாக எழுந்தார். பெஞ்சு முனகியது. “போன வாரம் டாக்டரு எனக்க சுகரப் பாத்துட்டு, முந்நூறுல இருந்து நூத்தி எழுவதுக்கு வந்திருக்கு, என்ன செய்தீருண்ணு கேட்டாரு. மனக்கட்டுப்பாடுண்ணு சொன்னேன்.” சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேசையில் அறைந்தார். “ஊரெல்லாம் சொல்லியாச்சு, கட்டுப்பாடுண்ணு! இனி நான் ஆருட்ட போய் என்ன சொல்லுவேன்?”

யாரோ சிரித்தார்கள். சஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. “இண்ணு முதல் அண்ணன் பார்சல். ஒண்ணாந்தேதி வரை நிக்க வேண்டாம்.”

தாணுமாலயன் துவர்த்தை எடுத்துக்கொண்டு வாசலோரம் நடந்தார். ரப்பர் பேண்டு டப்பாவை எடுத்தார். பத்து நிமிடம் அட்டை தனியாக வேலை பார்த்தது. ஒருவர் புரோட்டா கேட்டார், பிறகு வேண்டாம் என்றார். ஒருவர் தோசை கேட்டுவிட்டுத் தோசையை வெறுப்போடு பார்த்தார். நாலு பேர் எழுந்து கையைக் கழுவாமலேயே எதிர்ப்பக்கம் போனார்கள்.

பொன்னுதாஸும் எழுந்தார். போகிறார் என்று சஜன் நினைத்தான். அவர் பார்சல் மேசை முன்னால் போய் நின்றார்.

“எலே தாணு.”

“என்னவோய்.”

“கள்ளமோ உள்ளதோ, இண்ணைக்கு எனக்கு எவ்வளவு?”

“இனிச் சொல்லமாட்டேன்.”

“சொல்லும். இல்லெங்கி ஆறு திண்ணுருவேன்.”

தாணுமாலயன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “தொள்ளாயிரம். நேத்து பேரப்பிள்ளைக்க பொறந்தநாளு கேக்கு திண்ணீரு, எனக்குத் தெரியும்.”

“ஒண்ணு கொண்டு வாரும்” என்று சொல்லிவிட்டுப் பொன்னுதாஸ் பெஞ்சுக்குத் திரும்பினார். அவருக்குப் பின்னால் லீலாபாய் டீச்சர் நின்றிருந்தார். பிளவுஸை நினைத்து ஒரு நிமிடம் தயங்கி, “எனக்கு நம்பர் வேண்டாம் அண்ணா, ஐட்டம் மட்டும் சொல்லும்” என்றார். டீச்சருக்குப் பின்னால் வரிசை. எதிர்ப்பக்கம் போன நாலு பேரில் இரண்டு பேர் அந்த வரிசையின் வாலில் நின்றார்கள்.

சஜன் வரிசையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அங்கே வரவேண்டிய போர்டை நினைத்தான். பிறகு ரப்பர் பேண்டு டப்பாவைத் தாணுமாலயன் கையிலிருந்து வாங்கித் தானே பார்சல் மேசையில் உட்கார்ந்தான். முதலாளிகள் மன்னிப்பை அப்படித்தான் கேட்பார்கள்.

மூலையில் ஜிஷா ஒரு மாதத்து நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மதியம் கடந்துவிட்டது, அவரும் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. அட்டையை எடுத்தார், வைத்தார். தாணுமாலயன் பக்கத்தில் வந்ததும், ஜிஷா வேறெங்கோ பார்க்கும் நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் தன்னுடைய எண்ணைக் கேட்டார்.

“எனிக்கு எத்தரயா சேட்டா?”

தாணுமாலயன் ஜிஷாவைப் பார்த்தார். ஜிஷா ஜன்னலைப் பார்த்தாள். அவர் குனிந்து சாரின் காதில் என்னவோ சொன்னார்.

சார் அதைக் கேட்டு, முகம் மலர்ந்து, புரோட்டா மூன்றும் பீஃப் ஃப்ரை ஒன்றும் கொண்டுவரச் சொன்னார். கலோரி அட்டையால் இலைக்கு மேலே ஈ ஓட்டிக்கொண்டே சாப்பிட்டார்.