குடுமியான்மலையில் ஒரு ‘தோமோ’

குடுமியான்மலையில் ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர் மயங்கி விழுந்ததற்குக் காரணம் என் அக்காளின் கணவர், மச்சான் அருளானந்து. பழியை அவர் என் தலையில் போட்டார். அரைகுறை ஸ்பானிஷ் பேசி ஒரு பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தவன் நான் என்று அவர் கட்டிவிட்ட கதையை, போன மாதம் அரிமளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் மகன் ஆரோக்கியம் மறுபடியும் சொன்னான். பந்தியே சிரித்தது. குடுமியான்மலைக்கு எப்படிப் போவது என்று இந்தத் தளத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். வழியைச் சொல்கிறேன், நடந்ததையும் சொல்கிறேன்.

அது 1962, சித்திரை மாதம். திருச்சியில் ஒரு மில்லுக்கு இயந்திரம் மாட்ட வந்திருந்த ஸ்பெயின்காரரும் அவர் மனைவியும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்க விரும்பினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. வாடகைக் கார் ஓட்டிய மச்சான், மொழிபெயர்க்க என்னை அழைத்தார். ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலில், பழைய பாதிரியார் ஒருவர் விட்டுப்போன பெட்டியில் கிடந்த இலக்கணப் புத்தகத்தை வைத்து நானே ஸ்பானிஷ் படித்திருந்தேன். நிகழ்காலத்துக்கு மேல் உள்ள தாள்களைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே எனக்கு இறந்தகாலமும் தெரியாது, எதிர்காலமும் தெரியாது.

ஆறு மணிக்கு வரச் சொன்ன காரை மச்சான் ஏழரைக்குக் கொண்டுவந்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே ஓட்டல் ஒன்றைக் கண்டதும் அந்த அம்மாள், “கொமேமோஸ்?” என்றார். ‘சாப்பிடுகிறோமா?’ என்று பொருள்.

“மச்சான், சாப்பிடலாமான்னு கேக்குறாங்க.”

“இப்பவே லேட்டு மாப்ள. மத்தியானம் ஆலங்குடிக்கு ஒரு சவாரி இருக்கு. போயிட்டு வந்து சாப்பிட்டுக்கலாம்னு சொல்லு.”

“ரெண்டாந் தரமும் கேக்குறாங்க மச்சான்.”

“ஒரு வேளை சாப்பிடலைன்னா செத்தா போயிருவாக? சொல்லுடா.”

சொன்னேன். எனக்குத் தெரிந்த நிகழ்காலத்தில் ‘போகிறோம், சாப்பிடுகிறோம்’ என்றுதான் சொல்ல வந்தது. போகிற இடத்தில் ஓட்டல் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை இருபது கிலோமீட்டர். அன்று சாலை மோசம். போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது.

கல்வெட்டு, குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறைச் சுவரில் இருக்கிறது. கணவர் எழுத்துகளைத் தொடாமல் விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். மனைவிக்கு வியர்த்துக் கொட்டியது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. அப்படியே சரிந்தார். காரில் தூக்கிப் போட்டு அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

“வெயில் மயக்கமாத்தான் தெரியுது,” என்றார் டாக்டர். “இருந்தாலும் கேளுங்க, இவங்க ஏதாச்சும் மருந்து எடுக்குறாங்களா?”

கணவரிடம் கேட்டேன்: “தோமா மெதிசீனா?”

மச்சான் இடையில் புகுந்தார். “எந்தத் தோமாவைக் கூப்பிடுறே? புனித தோமையாரையா?”

கணவர் தலையை ஆட்டினார். “நோ, நோ தோமோ.”

“இல்லைங்கிறார்,” என்றேன் டாக்டரிடம். நர்ஸ் ஈரத்துணி நனைக்கப் போனார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நாம் ‘எடுக்கிறாளா?’ என்றாலே பெண்ணைப் பற்றிய கேள்வி என்று தெரிந்துவிடும், ‘அவள்’ வேண்டியதில்லை. ஸ்பானிஷிலும் வினை விகுதி ஆளைக் காட்டும்: தோமோ என்றால் எடுக்கிறேன், தோமாஸ் என்றால் எடுக்கிறாய், தோமாமோஸ் என்றால் எடுக்கிறோம். ஆனால் ‘தோமா’ மட்டும் அவன், அவள், மரியாதையாக நீங்கள், மூன்றுக்கும் பொது. தமிழ் வழக்கப்படி ஆளைச் சொல்லாமல் கேட்டேன். ‘நீங்கள் மருந்து எடுக்கிறீர்களா?’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. தன்னைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டார்.

அதைப் பிடித்ததும் நான்தான். அவர் சொன்ன சொல் ‘ஓ’ என்று முடிந்தது. அது தன்மை ஒருமை.

“டாக்டர், பொறுங்க. அவரு தன்னைச் சொல்றாரு.” அந்தப் பெண்ணைச் சுட்டிக் கேட்டேன்: “எய்யா. எய்யா தோமா?” எய்யா என்றால் அவள்.

“எய்யா, சீ! இன்சுலினா!”

‘சீ’ என்றால் ‘ஆம்’. இன்சுலினுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டாக்டர் நாடியைப் பிடித்தபடியே திரும்பினார். “இன்சுலின் போட்டுக்கிட்டுச் சாப்பிடாம வந்துட்டாங்களா? காலையில என்ன சாப்பிட்டாங்க?”

மச்சான் கூரையைப் பார்த்தார்.

“ஒண்ணும் சாப்பிடலைங்க,” என்றேன். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சற்று நேரத்தில் அந்த அம்மாள் கண் திறந்து கணவரின் பெயரைச் சொன்னார். பிறகு டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தோம்.

பொழுது சாய்வதற்குள், சவாரிக்குப் போன மச்சான் வாயால் ஆலங்குடி முழுக்க, மருந்தில்லை என்று நான் சொன்னது மட்டும் பரவியிருந்தது. “தெரியாத பாஷையில ஏன்டா வாயைக் குடுத்தே?” என்றாள் அக்கா. அன்றிலிருந்து எனக்குத் ‘தோமோ மாமா’ என்று பெயர். எனக்கு எண்பத்து நான்கு வயது. இன்றும் அதே பெயர்தான்.

குடுமியான்மலை போகிறவர்கள் புதுக்கோட்டையிலேயே சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் பாறையைப் பார்த்து முடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓட்டுநர்களே, ஏறியவர் பசி என்றால் நிறுத்த வேண்டும். அடுத்த சவாரி உங்கள் பாடு. ஸ்பானிஷ் படிக்கிற தமிழர்கள் ‘தோமா’வுக்கு முன்னால் ஆளைச் சொல்லிப் பழகுங்கள்.

ஆரோக்கியம், அரிமளத்தில் சிரித்த அதே உறவுகளைக் கூட்டி, பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

அக்கா செய்ய வேண்டியது ஒன்று. அன்று ராத்திரி மச்சான் சோற்றுத் தட்டைத் தொடாமல் எழுந்து போனதை அவளே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதை அவள் தன் மகனிடம் தன் வாயால் சொல்ல வேண்டும், அவளும் நானும் உயிரோடு இருக்கும்போதே.