அத்தையின் பச்சைக் கன்னம்

ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா, செம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் தன் அக்காவை, அதாவது என் அத்தையை, நாற்காலியில் உட்காரவைத்து ஆயில் பெயிண்டில் ஆளுயரப் படம் ஒன்று வரைந்தார். அது முடிந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அத்தையின் ஒரு கன்னம் பச்சை. கை முகத்தைவிடப் பெரிது. புடவை சிவப்பா பழுப்பா என்று அப்பாவும் அம்மாவும் சண்டையே போட்டார்கள். எனக்கு எட்டு வயது. படத்தின் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடக் கணக்குப் போட முடியாமல் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். எதுவோ நேராக இல்லை. எது என்றுதான் தெரியவில்லை.

அத்தைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த காலம். வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. அத்தை அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. மிஞ்சிய பஜ்ஜியை என்னோடு பங்குபோட்டுத் தின்பாள். பொழிச்சலூரிலிருந்து அடுத்த குடும்பம் வருகிறது என்றதும், படத்தை எடுத்து ஒளித்துவை என்றார் அப்பா. மழைக்காலத்தில் பெயிண்ட் காயவில்லை, நகர்த்தினால் ஈஷிக்கொள்ளும் என்று சித்தப்பா அடம்பிடித்தார். துணி போட்டு மூடவும் வழியில்லை.

வந்தவர்கள் தட்டைத் தொடுவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

“இன்னாங்க, பொண்ணுக்கு மஞ்சக்காமாலை எதனா வந்துச்சா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அந்த வெளிச்சம் பட்டால் கன்னம் பச்சையாகத்தான் தெரியும் என்று சித்தப்பா விளக்கினார். அந்த அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்தா எனக்கு விஷயம் பிடிபட வேண்டும்!

“நாற்காலி நேரா கீது. அத்தைதான் வாசப்பக்கமா சாஞ்சிருக்கு. அந்தப் பெரிய கையை ஊணிக்கினு எழுந்து போவப் போவுது!” என்று கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எழுந்துபோய்ப் படத்தின் முன் நின்றார். பிறகு காபித் தட்டோடு நின்ற அத்தையிடம் திரும்பி, “எங்க போகப் போறீங்க?” என்று கேட்டார். அதில் கேலி இல்லை. பெண் பார்க்க வந்த அத்தனை பேரும் எல்லாக் கேள்வியையும் அப்பாவிடம்தான் கேட்டிருந்தார்கள்.

“இன்னும் முடிவு பண்ணல” என்றாள் அத்தை. காபியை முதலில் அவருக்குத்தான் நீட்டினாள்.

மறுநாள் தரகர் வந்து, பெண் ஓரிடத்தில் தங்கமாட்டாள் போலிருக்கிறது, வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

“தரகர் சொல்லச்சே நீதான பக்கத்துல நின்னே? வேணாம்னது அவரா, அவங்க அம்மாவா?”

மணிக்கட்டு வலித்தது. அவளை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

“யாரு சொன்னா இன்னா அத்தை? நீதான் எப்படியும் போவப் போறியே.”

சிரிப்பாள் என்று பார்த்தேன். என் கையை விட்டுவிட்டு அழுதாள். கிளம்பத் தயாராக இருந்தவளுக்கு, அவர்கள் வீட்டில் வந்து உட்காரச் சொல்லவில்லை என்று ஏன் அழுகை வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.