ஓக்கானம் என்று சொன்ன சம்மந்தி

கீரிப்பாறைப் பக்கம் வந்து செல்வதாஸைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்று பஸ் இறங்கியவனாகத்தான் இருப்பான். நாலாம் கிளாஸோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். அடுத்தவன் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி, சொந்தத் தோட்டம் போட்டு, மாடி கட்டி, மகள் ஜாஸ்மியை நர்சிங் படிக்கவைத்தவர். ஒருத்தன் தயவும் கிடையாது.

அந்த மாடிவீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் மாப்பிள்ளை சுபினின் அம்மா குளோரி மூக்கில் கைக்குட்டையை வைத்தாள். சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. பெயர் இரண்டையும் ஊரறியச் சேர்த்துச் சொல்லியாயிற்று. இனிக் கல்யாணம் நின்றால் பெண்ணின் தலைதான் உருளும். அந்தத் தைரியம் அவளுக்கு.

“என்ன நாத்தம் இது! ஓக்கானம் வருது. இதுக்குள்ள எப்பிடித்தான் ஆளுவ கெடக்கோ!”

பின்னால் ஷெட்டில் ஒட்டுப்பால் மூட்டை. சிரட்டையில் உறைந்த பாலைச் சுரண்டிச் சேர்த்தால் நாறத்தான் செய்யும், யார் இல்லை என்றார்கள்? மலை வளைவில் பஸ் திரும்பினால் குமட்டிக்கொண்டு ஓக்கானம் வரும். பிள்ளைத்தாச்சிக்கு மீன் மணத்தில் வரும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வயிற்றில் பயம் கிடந்து உருண்டாலும் அதே சொல்தான். எலுமிச்சங்காய் கொடுத்து முதுகைத் தடவிவிடுவோம். ஆனால் குளோரி மூட்டையைப் பார்த்தா சொன்னாள்? ஜாஸ்மி சாயா டம்ளரை நீட்டிய விரல்களைப் பார்த்தல்லவா சொன்னாள்!

“மதினி, நாத்தம்னா நாத்தம்னு சொல்லணும். மனுசரப் பாத்து ஓக்கானம்னு சொல்லப்பிடாது,” என்றார் செல்வதாஸ்.

“நாலாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்குப் பேசப் படிப்பிக்கியளா அண்ணே?” குளோரி சிரித்தாள்.

சுபின் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான்.

செல்வதாஸ் சட்டென்று எழுந்தார். அடுக்களைக்குள் போனார். குளோரி தொடாத சாயாவை ஜாஸ்மி தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நீ சொல்லு. வாழப்போறது நீ.”

“அவரு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நின்னேம்ப்பா. சொல்லல. அங்க போனா தெனமும் என் கைய மோந்து பாப்பாவ.”

முன்னறைக்கு வந்தவர், அவர்கள் முன்னாலேயே போதகருக்கு ஃபோன் போட்டார்.

“ஐயா, செல்வதாஸ் பேசுதேன். வாற ஞாயித்துக்கிழம எங்க ஓலைய வாசிக்காண்டாம்.”

குளோரி பதறி எழுந்தாள். “ஊரு என்ன பேசும்னு தெரியுமா?”

செல்வதாஸ் அவளைப் பார்த்தபடியே ஃபோனில் சொன்னார்: “காரணமா? பொண்ணுக்கு இஷ்டமில்ல ஐயா. எனக்கு அதுக்கும் மேல இஷ்டமில்ல.”