ஒரே பாட்டில் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிருமியக்கா என்று பெயர். காலமெல்லாம் தண்ணீரில் கிருமி தேடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் கணவர் பாத்திரம் தேய்த்து வைத்தால்கூட, "இது கழுவினதா, நனைச்சதா?" என்று கேட்டு மனுஷனை நோகடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், தண்ணீரில் உலோகம் தேடும் ரசாயனக்காரரோடும், வீடு வீடாகப் போய் நோய்நொடி விசாரிக்கும் சமூகவியல் தம்பியோடும் ஒரே குழுவில் போட்டார் இயக்குநர். தொழிலாளர் குடியிருப்பில் கட்டிய புதுத் தொட்டியின் தண்ணீர் குடிக்க லாயக்கா என்று மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ரசாயனக்காரருக்கு முதல் நாளே புளிமூஞ்சி என்று பெயர் சூட்டினாள். அவர் அவளுடைய வேலையைச் சமையல் என்றார். அதோடு பேச்சு நின்றது.

"குழுன்னா ஒற்றுமை வேணும். இனிமே ஆளுக்கொரு பாட்டில் கிடையாது. அவர் எடுத்துட்டு வர்ற தண்ணியில பாதி உங்களுக்கு," என்றார் இயக்குநர்.

"உங்க இஷ்டம் சார்," என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். தனக்கு எப்படி எடுத்துவர வேண்டும் என்று புளிமூஞ்சிக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை. கேட்க அவருக்கும் மனமில்லை.

வந்த தண்ணீரில் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் பளிச்சென்று இருந்தன. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் சமூகவியல் தம்பி வந்து நின்றான். "அக்கா, பின்தெருவுல வீட்டுக்கு வீடு வயித்துப்போக்கு. தண்ணியிலதான் ஏதோ இருக்கு."

"கதை கேட்டுட்டு வர்றதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? என் தட்டு பொய் சொல்லுமா?"

"கதைதான்க்கா. அந்தக் கதையில ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்குது."

அவன் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு சுத்தமான தொட்டியிலும் தீங்கில்லாத நாலு கிருமியாவது இருக்கும். இதில் அதுகூட இல்லை. அன்றைக்கே உறுத்தத்தான் செய்தது. ஆனால் புளிமூஞ்சியிடம் போய் நிற்க வேண்டுமே! மிச்சமிருந்த தண்ணீரில் சோதனைக் காகிதத்தை நனைத்தாள். சிவந்தது.

பாட்டிலைக் கொண்டுபோய் அவர் மேசையில் ணங்கென்று வைத்தாள். "இதுல ஆசிட் விட்டீங்களா?"

"பின்னே? விடலைன்னா உலோகமெல்லாம் பாட்டில்லயே ஒட்டிக்கும். எடுத்தவுடனே விட்டுடுவேன்."

"கிருமி செத்துப்போகும்னு தெரியாது?"

"அது உங்க சமையல். நீங்க சொன்னீங்களா?"

"நீங்க கேட்டீங்களா?"

கத்தல் கேட்டு வந்த இயக்குநர் விஷயத்தைத் தெரிந்துகொண்டு கையைப் பிசைந்தார். "இப்ப அறிக்கையை வாபஸ் வாங்கினா நம்ம குழுவுல ஒற்றுமை இல்லைன்னு ஆயிடும்மா. நிதானமா யோசிப்போம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "தொட்டியை மூடுங்க. எங்க அறிக்கை தப்பு. அந்தத் தண்ணி குடிக்க லாயக்கில்லை."

"யார் தப்பு மேடம்? நாங்க எழுதிக்கணும்."

ரசாயனக்காரர் எதிரிலேயே நின்றார். அவர் பெயரைச் சொல்ல அவள் நாக்கு துடித்தது. சொன்னால் அவர் மறுப்பார், விசாரணை என்பார்கள், அதுவரை குழாய் திறந்தே கிடக்கும்.

"என் தப்புதான். எழுதிக்கோங்க. முதல்ல மூடுங்க."

தன் பெயர் வரவில்லை என்றதும் ரசாயனக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.