மூன்று விரல் பெண்ணுக்கு நான் எழுதிய இரண்டு அடிகள்

பெருவயிற்றினுள் உலகத்தை அடக்கி, அதற்காக ஒருபோதும் நாணாத பிள்ளைப் பெருமானே, காத்தருள்க. உனக்குரிய ஆவணிச் சதுர்த்தி நாளில், நோன்பிருந்து, என் பிழையொன்றை எழுதத் தொடங்குகிறேன்.

யுத்தம் முடிந்த மறு ஆண்டு, நாவற்குடாவில் சுனாமியாய்க் கடல் வந்துபோன பின் வெறுமையாகக் கிடந்த வளவொன்றில் புடவைக்கடை திறந்தார்கள். கோயிலில் புராணம் படிக்கையில் பாட்டின் பொருளை விரித்துப் பயன் சொல்லுகிறவன் நான் என்பதால், முதலாளி என்னைத் தேடி வந்தார். விளம்பரப் பலகைக்குச் செந்தமிழில் இரண்டு அடிகள் வேண்டுமென்றார். அம்பாளின் இடையைப் புகழ்ந்து பழகிய நாக்கு யோசிக்காமலே சொல்லிற்று:

மின்னலும் நாணும் மெல்லிடை யாளுக்கு
எங்கள் பட்டே இனிய துணை.

"தேன் ஐயா," என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

பலகை ஏறியது. தென்னை உயரத்தில் ஒரு பெண். சேலை எங்கள் ஊர்ச் சேலைதான். இடை எந்த ஊருக்கும் உரியதன்று. கழுத்தும் அதுவும் ஒரே பருமன். ஈரல், குடல் முதலியவற்றை ஆண்டவன் அவளுக்கு வேறெங்கோ வைத்திருக்க வேண்டும். அவள் காலடியில் என் இரண்டு அடிகள். சைக்கிளை நிறுத்தி, எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்தேன். இல்லை. திருப்தியோடு கோயிலுக்குப் போனேன்.

என் ஒரே மகளுக்கு அந்த ஆவணியில் கலியாணம். ஆனியில் அவள் இரவுச் சோற்றை விட்டாள். ஆடியில் காலைச் சாப்பாட்டையும் விட்டாள். விரதம் என்றாள். எந்தத் தெய்வத்துக்கு என்று நான் கேட்கவில்லை. தலைசுற்றிக் கோயிற் படியில் உட்கார்ந்தபோதும், பக்தி முற்றிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் தையற்காரப் பெண். கலியாணச் சேலைக்குச் சட்டை தைக்க, உடம்புக்குப் பொருந்தும் பழைய சட்டையொன்றை அளவுக்குக் கொடுப்பது வழக்கம். மகள் கொடுத்த அளவுச் சட்டையோடு அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இது ஆர்ர சட்ட? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தச்சதா?"

மனைவி வாங்கிப் பார்த்தாள். வவுணதீவிலிருந்து யுத்தகாலச் செல்லடிக்குத் தப்பி, வாவியைக் கடந்து, அகதி முகாமில் கிடந்த காலத்துச் சட்டை அது. காய்ச்சலிலும் பசியிலும் எலும்பாகிப்போன மகளுக்கு, நிவாரணத் துணியில் மனைவி கையால் தைத்தது. அந்த எலும்பின்மேல் மறுபடி சதை பிடிக்க முட்டையும் உழுத்தங்களியுமாக அவளுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

"இது பட்டினிச் சட்ட மனே. இத ஏன்கா எடுத்துக் குடுத்தாய்?"

"எனக்கு அந்த இடுப்பு வேணும்மா."

"அந்த இடுப்போடதான் உன்னத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடினன்."

"மாப்பிள்ள அந்தப் பலகையப் பாத்துட்டுத்தானே ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறார்."

நான் குறுக்கிட்டேன். "அது கடைக்காரன்ர படம் மகள்."

"கீழ இரிக்கிறது ஆர்ர பாட்டு அப்பா?"

பாட்டு என்னுடையது என்று ஊர் முழுவதும் நானே சொல்லித் திரிந்திருந்தேன், மறுக்க வழியில்லை.

"கோயில்லயும் அதத்தானே சொல்றீங்க. அம்பாளுக்கு இடையே இல்லயாம். எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறாங்க. மறுகா எனக்கு மட்டும் சோறு தின்னச் சொன்னா?"

முப்பது ஆண்டுகளாகப் பயன் சொல்லுகிறேன். அன்று பயன் சொன்னவள் மகள். சைக்கிளை எடுத்தேன்.

முதலாளியிடம் போய், பாட்டை எடுத்துவிடும்படி கேட்டேன். "பாட்ட எடுத்தா படத்துக்கு உயிரில்ல ஐயா," என்றார். பலகையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன். முன்பு எழுத்தை மட்டும் பார்த்தவன், அன்றுதான் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் ஊன்றிய கையில் மூன்று விரல்களே இருந்தன.

"கொம்பியூட்டர்ல இடுப்ப வெட்டக்குள்ள விரலும் போயிற்று," என்றார் முதலாளி. "ஆர் ஐயா எண்ணப் போறாங்க?"

மகளைச் சைக்கிளில் ஏற்றி வந்து காட்டினேன். அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"இவ எப்படியப்பா சோறு பிசைவா?"

"அதுதான் தின்னல்ல போல."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப அம்பாளுக்கு?"

"இடை இல்லையெண்டு பாடினவர் அளந்து பாடல்ல மகள். நிமிர்ந்து பாக்கத் துணியாமப் பாடினவர். நான்தான் அதக் கொண்டுபோய்ச் சேலைக்கு ஒட்டிப்போட்டன்."

அன்று இரவும் அவள் உண்ணவில்லை. மறுநாள் பாதிச் சோறு உண்டாள். அந்த வார இறுதியில் வேறொரு சட்டையைத் தையற்காரப் பெண்ணிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டினிச் சட்டையை மனைவி விளக்குத் திரிகளாகக் கிழித்தாள், நன்றாகவே எரிந்தது.

பலகை மேலும் ஓராண்டு நின்றது, என் பாட்டோடு. கலியாணத்தன்று அதைக் கடந்துதான் கோயிலுக்குப் போனோம். மகள் அண்ணாந்து பார்க்கவில்லை. பந்தியில், புதுச் சட்டையின் தையல் இழுபட, ஐந்து விரலாலும் பிசைந்து உண்டாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை தன் பங்கையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

இதைப் படித்த யாவர்க்கும் வயிறு நிறைக. கையில் விரல் ஐந்தும் குறையாதிருக்க. அவரவர் சட்டை அவரவர்க்குப் பொருந்துக.